நடுங்கும் கையும் நாட்டின் கடமையும்

1794-ம் வருஷத்தில் லண்டன் மாநகரில் ஒரு வைத்தியர் மன்னரின் மந்திராலோசனைச் சபை முன்னிலையில் விசாரிக்கப்பட்டார். மூன்றாம் ஜார்ஜ் மன்னரை விஷம் தோய்ந்த அம்பினால் கொல்லச் சதி நடந்தது என்பது அப்போது எழுந்த வழக்கு. இவ்வைத்தியர் சதிகாரர் அல்லர். ஆனால் சாமானிய ஜனங்களுக்கும் வோட்டுரிமை வேண்டுமென்று கிளர்ச்சி செய்துவந்த ஒரு சங்கத்தில் அவர் அங்கத்தினர். புனைபெயரில் துண்டுப்பிரசுரங்கள் எழுதி, அதிகார வர்க்கத்தைக் கண்டித்தவர். அவருடைய நண்பர்கள் குற்றஞ்சாட்டப்பட்டிருந்தபடியால் அவரும் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டார். அந்தத் தேசபக்தரின் பெயர் ஜேம்ஸ் பார்க்கின்ஸன்.

இதே மனிதர் 1817-ல் நடுக்குவாதத்தைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதில் ஆறு நோயாளிகளின் நிலைமை விவரிக்கப்பட்டிருக்கிறது. அவர்களில் சிலர் அவர் வீதியில் கண்டு விசாரித்தவர்கள். ஒருவரை அவர் தூரத்திலிருந்து பார்த்தது மட்டுமே. பெரிய சோதனைச்சாலையோ, விசேஷ யந்திரமோ அவருக்கு இருந்ததில்லை. ஏழை எளியவர்களை உற்றுப் பார்க்கும் கண்தான் அவருடைய கருவி. பின்னர் பிரெஞ்சு நிபுணரான ஷார்க்கோ என்பவர் அவ்வியாதிக்குப் பார்க்கின்ஸனின் பெயரையே சூட்டினார்.

இவ்வியாதியின் கொடுமை யாதெனில், எண்ணம் தெளிவாக இருக்கும்போதே தேகம் எண்ணத்துக்குக் கட்டுப்பட மறுக்கிறது. சும்மா இருக்கும் கை தானே ஆடுகிறது. கால்கள் முன்னே செல்ல மறுத்துத் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நிற்கின்றன. கையெழுத்து நாளுக்கு நாள் சிறுத்துப் போகிறது. முகத்தில் சிரிப்பும் துக்கமும் தோன்றாமல் மறைகின்றன. 2019-ம் வருஷத்தில் உலகத்தில் 85 லட்சத்திற்கும் அதிகமானோர் இவ்வியாதியால் பீடிக்கப்பட்டிருந்தனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. மனிதர்களின் ஆயுள் நீள நீள இத்தொகை பெருகுமேயன்றிக் குறையாது.

இவ்வியாதிக்கும், இதைப்போன்ற வேறு சில சலன வியாதிகளுக்கும், மூளையின் ஆழத்தில் மெல்லிய கம்பியைச் செலுத்தி அதன் வழியே மின்சாரம் பாய்ச்சும் சிகிச்சை இப்போது உலகெங்கும் நடைபெற்று வருகிறது. ஒன்றரை லட்சத்திற்கும் மேற்பட்டவர்கள் இச்சிகிச்சையைப் பெற்றிருக்கின்றனர். இதில் கவனிக்கத் தக்க ஒரு விசித்திரம் உண்டு. சிகிச்சை முதலில் வந்தது. அது எப்படிக் குணம் தருகிறது என்ற அறிவு பின்னால் வந்துகொண்டிருக்கிறது. குணம் கிடைத்தால் போதாதா, காரணத்தை ஆராய்ந்து பணத்தையும் காலத்தையும் ஏன் செலவிட வேண்டும் என்று கேட்பவர் உளர். அக்கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருந்தின் சரித்திரம்

கதையின் தொடக்கத்தில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1931-ல் கல்கத்தாவில் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் சர்ப்பகந்தி என்னும் மூலிகை பைத்தியத்தையும் ரத்தக் கொதிப்பையும் தணிக்கும் என்று வெளியிட்டனர். அம்மூலிகையிலுள்ள வீரியமான சத்தை 1952-ல் தனியே பிரித்தெடுத்து அதற்கு ரெஸர்ப்பின் என்று பெயரிட்டது ஸ்விட்ஸர்லாந்து தேசத்து மருந்துக் கம்பெனி ஒன்று. ஸ்வீடன் தேசத்து அர்விட் கார்ல்ஸன் 1957-ல் அந்தச் சத்தை முயல்களுக்குக் கொடுத்தபோது அவை அசைவற்றுக் கிடந்தன. பிறகு டோபா என்ற வஸ்துவை ஊசி மூலம் செலுத்தவே, அவை எழுந்து ஓடின. மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் குறைந்தால் தேகம் ஸ்தம்பித்து விடுகிறது என்ற உண்மைக்கு இது வழிகாட்டிற்று. 1960-ல் வியன்னாவில் ஹொர்னிகியேவிச் என்பவரும் அவருடைய சகாவும், பார்க்கின்ஸன் வியாதியால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் மிகவும் குறைந்திருப்பதைக் கண்டறிந்தனர். கார்ல்ஸனுக்கு 2000-ம் வருஷத்தில் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த டோபா என்ற வஸ்து எங்கே இருந்தது? ஸ்விட்ஸர்லாந்தில் 1913-லேயே அது ஒருவகை அவரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. நம்முடைய வேலிகளில் படர்ந்து கிடக்கும் பூனைக்காலியின் விதையிலும் அது இருக்கிறதென்பதைச் சென்னையில் தாமோதரனும் ராமஸ்வாமியும் 1937-ல் பிரித்தெடுத்துக் காட்டினர். பூனைக்காலி நம் வைத்தியர்கள் பரம்பரையாக அறிந்த மருந்து. விதை நம்முடையது, அதன் சத்தைப் பிரித்த கைகளும் நம்மவருடையவை. ஆனால் அச்சத்தை நடுக்குவாத நோயாளிகளுக்கு முறையாக, அளவு ஏற்றி வாய்வழியே கொடுத்துப் பயன் கண்டவர் அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த கோட்ஸியஸ். அது 1967-ம் வருஷம். இடையில் கழிந்தவை முப்பது ஆண்டுகள். இதைப் பழிக்காகச் சொல்லவில்லை, பாடத்துக்காகச் சொல்லுகிறோம்.

மருந்து பெரிய வரப்பிரசாதமே. எனினும் சில வருஷங்கள் சென்றபின் அதன் பலன் நிலைகுலைகிறது. மருந்து உட்கொண்ட சிறிது நேரம் நோயாளி நடமாடுகிறார். பின் மரம்போல் ஆகிவிடுகிறார். மருந்தை அதிகப்படுத்தினாலோ, கை, கால், கழுத்து எல்லாம் தாமே நெளியத் தொடங்குகின்றன. இவ்விரண்டு துன்பங்களுக்கும் இடையே அகப்பட்டவர்களுக்குத்தான் மின்சார சிகிச்சை பெரிதும் பயன்படுகிறது.

கத்தியிலிருந்து கம்பிக்கு

மருந்து வருவதற்கு முன்னர் ரண வைத்தியர்களே இவ்வியாதியுடன் போராடி வந்தனர். 1952-ல் நியூயார்க்கில் இர்விங் கூப்பர் என்பவர் ஒரு நோயாளிக்கு மூளையில் ரண சிகிச்சை செய்துகொண்டிருந்தபோது சிறு ரத்தக் குழாய் ஒன்று தற்செயலாய் அறுந்தது. அதைக் கட்டிவிட்டு, எடுத்த காரியத்தை அம்மட்டோடு நிறுத்திக்கொண்டார். நோயாளி கண் விழித்தபோது நடுக்கமும் விறைப்பும் மறைந்திருந்தன, பக்கவாதமும் ஏற்படவில்லை. மூளையின் உட்புறத்தில் குறித்த ஓர் இடத்தை அழித்தால் நடுக்கம் நிற்கும் என்ற அனுபவம் இவ்வாறு வலுப்பெற்றது. தலாமஸ் என்னும் உட்பகுதியில் கடுகளவு இடத்தைச் சுட்டு அழிப்பது வழக்கமாயிற்று.

சென்னை இவ்விஷயத்தில் பின்தங்கி இருக்கவில்லை. ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1950-ல் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கிய மூளை ரண சிகிச்சைப் பிரிவு, இத்தகைய நுட்பமான வேலைகளில் பெயர் பெற்றது. அங்கே பயின்று உழைத்தவரும், ஆசியாவின் முதல் பெண் மூளை ரண வைத்திய நிபுணர்களில் ஒருவருமான டாக்டர் டி. எஸ். கனகா, 1975-லேயே நம் நாட்டில் மூளைக்குள் நிரந்தரமாக மின்கம்பியைப் பொருத்தியவர்.

ஆனால் சுட்டழித்த இடம் மீண்டும் முளைப்பதில்லை. இரு புறமும் சுட்டால் பேச்சுக் குழறும். இக்குறைக்குப் பரிகாரம் கண்டவர் பிரான்ஸ் தேசத்துக் க்ரெனோபிள் நகரில் இருந்த பெனாபிட். சுடுவதற்கு முன் சரியான இடத்தில்தான் ஊசிமுனை இருக்கிறதா என்று பார்க்கச் சிறிது மின்சாரம் பாய்ச்சிச் சோதிப்பது வழக்கம். 1987-ல் அவ்வாறு சோதிக்கையில், வினாடிக்குச் சுமார் நூறு துடிப்புகள் வீதம் மின்சாரம் செலுத்தினால் நடுக்கம் நின்று விடுவதையும், மின்சாரத்தை நிறுத்தினால் நடுக்கம் திரும்புவதையும் அவர் கண்டார். அப்படியானால் ஏன் சுட வேண்டும்? கம்பியை அங்கேயே விட்டுவைத்து, இருதய நோயாளிகளுக்குப் பொருத்துவதுபோன்ற ஒரு சிறு கருவியை மார்பின் தோலுக்குக் கீழே வைத்து, இடைவிடாமல் மின்சாரம் அனுப்பினால் என்ன? இதுவே இன்றைய சிகிச்சையின் தோற்றம்.

இடமும் பின்னர் மாறிற்று. 1990-ல் அமெரிக்காவில் பெர்க்மன், விக்மன், டிலாங் என்னும் மூவர், இவ்வியாதியை உண்டாக்கிய குரங்குகளில் தலாமஸுக்குக் கீழே உள்ள சிறு நரம்புத் திரளை அழித்ததும் அவை பழையபடி நடமாடியதைக் காட்டினர். மொச்சைக் கொட்டையினும் சிறிய அத்திரள் வியாதியில் அளவுகடந்து துடிதுடித்துக்கொண்டிருந்ததாம். 1993-ல் பெனாபிடின் குழுவினர் அதே திரளில் கம்பியைப் பொருத்தினர். நடுக்கம் மட்டுமன்றி விறைப்பும், மந்தமும் குறைந்தன. பெனாபிடும் டிலாங்கும் 2014-ல் லாஸ்கர் பரிசைச் சேர்ந்து பெற்றனர்.

இரு கட்சிகளின் வாதம்

இனி விவகாரத்துக்கு வருவோம். மின்சாரம் நரம்பைத் தூண்டும் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் அறிந்தது. ஆனால் இங்கே, ஓர் இடத்தை அழித்தால் என்ன பலன் கிடைக்கிறதோ அதே பலன் அவ்விடத்தில் மின்சாரம் பாய்ச்சினாலும் கிடைக்கிறது. தூண்டுவதும் அழிப்பதும் ஒரே விளைவைத் தருவது எங்ஙனம்?

முதற் கட்சியார், அதிவேக மின்சாரம் அந்த நரம்புத் திரளைத் தூண்டவில்லை, அடக்கி விடுகிறது என்றனர். கம்பிக்கு அருகேயுள்ள நரம்பணுக்களின் துடிப்பு குறைந்திருந்தது அவர்களுடைய சாட்சியம். எதிர்க் கட்சியார் வேறு சாட்சியைக் கொண்டுவந்தனர். 2003-ல் ஹஷிமோட்டோ, விடெக் முதலியோர் குரங்குகளில் கம்பி வைத்த இடத்தைப் பாராமல், அவ்விடத்திலிருந்து செய்தி சென்று சேரும் அடுத்த இடத்தைச் சோதித்தனர். அங்கே துடிப்பு குறையவில்லை, கூடியிருந்தது. அதுவும் மின்சாரத் துடிப்புக்கு ஒத்த ஒழுங்கோடு கூடியிருந்தது. திரள் அடங்கியிருந்தால் அடுத்த இடத்துக்குச் செய்தி போயிராது.

வக்கீல் தொழிலில் பழகியவர்கள் அறிவர்: இரு சாட்சிகளும் உண்மையே பேசுகையில், வழக்கு வேறிடத்தில் இருக்கிறது என்று பொருள். இங்கும் அவ்வாறே ஆயிற்று. நரம்பணுவின் உடல் வேறு, அதிலிருந்து நீளும் இழை வேறு. ஒரே மின்சாரம் உடலை அடக்கி, இழையைத் தூண்ட வல்லது. ஆகவே தூண்டலா, அடக்கலா என்ற கேள்வியே குறையுடையது. எந்த இழைகள், எந்த வழியாக என்பதே கேட்க வேண்டிய கேள்வி. 2009-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் கிரதினாரு, டைஸராத் முதலியோர் ஒளியினால் நரம்பணுக்களை இயக்கும் புதிய முறையை எலிகளிடம் பிரயோகித்தனர். அத்திரளின் அணுக்களை ஒளியினால் அடக்கியபோது பயன் காணவில்லை. மூளையின் மேற்பரப்பிலிருந்து அத்திரளுக்கு வரும் இழைகளை அதிவேகமாகத் தூண்டியபோதுதான் எலிகள் நன்கு நடமாடின. கம்பி வைத்த இடத்தில் மட்டும் சிகிச்சை நடைபெறவில்லை, அங்கே வந்து கூடும் பாதை முழுவதிலும் நடைபெறுகிறது என்பது இதனால் விளங்கிற்று.

மற்றொரு சாட்சியம் இன்னும் முக்கியமானது. சிகிச்சைக்காக வைத்த கம்பியின் வழியே மின்சாரம் அனுப்புவதோடு, மூளையின் சொந்த மின்னலைகளைக் கேட்கவும் முடியும். இவ்வாறு கேட்டவர்களில் முதன்மையானவர் இங்கிலாந்தின் பீட்டர் பிரௌன். மருந்து இல்லாத வேளையில் நோயாளிகளின் அந்தச் சிறு திரளில் வினாடிக்குப் பதிமூன்று முதல் முப்பது வரையுள்ள அலைகள் ஓங்கி எழுவதை அவரும் அவருடைய சகாக்களும் 2001-ல் எடுத்துக்காட்டினர். மருந்து உட்கொண்டால் அவ்வலை தாழ்கிறது. மின்சாரம் பாய்ச்சினாலும் தாழ்கிறது. பொதுக்கூட்டங்களில் பழகிய நமது வாசகர்களுக்கு இதன் தன்மை எளிதில் புலப்படும். கூட்டம் முழுவதும் ஒரே கோஷத்தை ஓயாது எழுப்பிக்கொண்டிருந்தால், தீர்மானத்தைப் பிரேரேபிப்பவர் குரல் எவர் காதிலும் விழாது. நோயுற்ற மூளையில் நரம்பணுக்கள் ஒன்றுகூடி இடும் அக்கோஷத்தில், "கையே, நீளுவாய்" என்ற கட்டளை அமுங்கிப் போகிறது. அதிவேக மின்சாரம் அக்கோஷத்தைக் கலைக்கிறது. கலைத்த பின்னரே கட்டளை செல்கிறது. மெதுவான மின்சாரம் பயன் தராததும், சுமார் 130 துடிப்பு வேகம் பயன் தருவதும் இதனோடு பொருந்துகின்றன.

எனினும் தீர்ப்பு முற்றிலும் எழுதப்பட்டுவிட்டதென்று சொல்வதற்கில்லை. மின்சாரம் தொடங்கிய சில வினாடிகளில் நடுக்கம் நிற்கிறது. நடையும் நிமிர்ந்து நிற்கும் திறனும் மாறுவதற்கு மணிக்கணக்கும் நாட்கணக்கும் ஆகின்றன. டிஸ்டோனியா என்னும் தசை முறுக்கு வியாதியிலோ, வாரங்களும் மாதங்களும் கழிந்தே குணம் தெரிகிறது. கோஷத்தைக் கலைப்பது மட்டுமே வேலையானால் இத்தனை தாமதம் ஏன்? மூளை மெல்ல மெல்லப் பழைய பழக்கத்தை மறந்து புதிய ஒழுங்கைக் கற்கிறது போலும் என்று நிபுணர்கள் கருதுகின்றனர்.

ஆராய்ச்சியின் பலன்

இந்த வாதத்தால் நோயாளிக்கு என்ன லாபம்? முதலில் சிகிச்சையின் குணதோஷங்களை உள்ளபடி எடுத்துரைப்போம். அமெரிக்காவில் 255 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2009-ல் வெளியான பரிசோதனையில், மின்சார சிகிச்சை பெற்றவர்கள் ஆறு மாதங்களுக்குப் பின் நாளொன்றுக்குச் சராசரி நாலரை மணி நேரத்திற்கு மேல் தொல்லையற்ற நடமாட்டத்தை அதிகமாகப் பெற்றனர். மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு அவ்வித லாபம் ஏதும் இல்லை. ஆனால் கடுமையான உபாதைகள் மின்சார சிகிச்சை பெற்றவர்களிடமே அதிகம். மூளையில் ரத்தம் கசிந்து ஒருவர் இறந்தும் போனார். பேச்சுக் குழறுவதும், மனநிலை மாறுவதும் சிலரிடம் காணப்படுகின்றன. வியாதியின் வளர்ச்சியை இது தடுப்பதில்லை. மின்சாரம் நின்றால் நோய் திரும்பும். ஆகையால் வியாதியை ஒழித்து விடுவோம் என்று விளம்பரம் செய்பவர் எவராயினும் அவரை நம்பலாகாது.

இத்தோஷங்களைக் குறைக்கும் வழி காரணத்தை அறிவதில் இருக்கிறது. பழைய கருவி, நோயாளி விழித்திருந்தாலும் உறங்கினாலும், நடந்தாலும் கிடந்தாலும், ஒரே அளவு மின்சாரத்தை ஓயாது செலுத்தி வந்தது. கோஷம் எழும்போது மட்டும் மின்சாரம் அனுப்பினால் போதாதா என்ற எண்ணம், அலைகளின் ரகசியம் தெரிந்த பிறகே தோன்ற முடிந்தது. 2013-ல் இங்கிலாந்தில் பிரௌனின் குழுவினர் 8 நோயாளிகளிடம் இதைச் சோதித்தனர். மின்சாரம் செலுத்திய நேரம் பாதிக்கும் மேல் குறைந்தது; குணமோ குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது. மூளையின் அலையைத் தானே கேட்டு மின்சாரத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவிக்கு அமெரிக்க சர்க்கார் 2025-ல் அனுமதி அளித்தது. "ஏன்" என்று கேட்டவர்களின் வீண் சர்ச்சை என்று நினைத்தது, பன்னிரண்டே வருஷங்களில் நோயாளியின் மார்புக்குள் யந்திரமாய் வந்து அமர்ந்தது.

நம் கடமை

இப்போது நம் நாட்டைப் பார்ப்போம். இங்கு இச்சிகிச்சையைச் செய்யத் திறமையுள்ள வைத்தியர்கள் இருக்கின்றனர். ஆனால் அவர்கள் பொருத்தும் கருவிகளில் பெரும்பாலானவை அந்நியக் கம்பெனிகளின் சரக்குகள். செலவு பல லட்சம் ரூபாய். கருவியின் மின்கலம் சில வருஷங்களில் தீர்ந்துபோனால் மறுபடியும் செலவு. நெசவாளிக்கோ, குடியானவனுக்கோ, தையற்காரனுக்கோ கை நடுங்குவது பிழைப்பே போவது. அவனுக்கு இச்சிகிச்சை இருந்தும் இல்லாதது போன்றதே.

இது தீராத விதி என்று நினைப்பவர்களுக்கு இரண்டு உதாரணங்களை நினைவூட்டுகிறோம். திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஸ்தாபனத்தார் பல வருஷங்கள் உழைத்து, பல தோல்விகளைக் கண்டு, சுதேசி இருதய வால்வை உண்டாக்கினர். 1990-ல் முதன்முதலாக அது ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அந்நிய வால்வை வாங்க இயலாத ஏழைகள் எத்தனையோ பேர் அதனால் உயிர் பிழைத்தனர். இரண்டாவது உதாரணம் சீனா. பீகிங் நகரத்துச் சிங்ஹுவா சர்வகலாசாலையின் பொறியியல் அறிஞர்கள் மூளைக்கு மின்சாரம் அளிக்கும் கருவியைத் தாமே செய்ய முற்பட்டனர். 2009-ல் அது முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. 2013-ல் அந்நாட்டு சர்க்காரின் அனுமதியும் கிடைத்தது. சீனாவால் முடிந்தது நம்மால் முடியாதென்று சொல்வதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்நியர் செய்த கருவியைப் பிரித்துப் பார்த்து அதேபோல் ஒன்றைச் செய்துவிட்டால் அது சுதேசியாகிவிடாது. நாம் அதைச் செய்து முடிப்பதற்குள் அவர்கள் அடுத்த கருவிக்குப் போயிருப்பார்கள். ஏனெனில் கருவி எப்படி வேலை செய்கிறதென்ற அறிவு அவர்களிடம் இருக்கும், நம்மிடம் இராது. சர்ப்பகந்தியும் பூனைக்காலியும் நம்மிடம் இருந்தன. அவற்றின் சத்தை அறியும் திறமையும் இருந்தது. இல்லாமற்போனது தொடர்ந்து கேட்கும் பழக்கம். கேட்பவனைத் தாங்கி நிற்கும் ஸ்தாபனம். எப்படி என்று அறியாதவன் என்றென்றும் வாங்குபவனாகவே இருப்பான்.

ஆகவே நாம் வேண்டுவன சில. மூளைச் சிகிச்சை நடக்கும் ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியிலும் வைத்தியரும், பொறியியலாரும், கணித அறிஞரும் சேர்ந்து ஆராயும் பகுதி ஒன்று இருத்தல் வேண்டும். நோயாளியின் சம்மதத்தோடு, கம்பி வழியே கேட்கும் அலைகளும், சிகிச்சையின் பலாபலன்களும் முறைப்படி பதிவு செய்யப்பட்டு, கம்பெனிகளின் பெட்டகத்தில் அடைபடாமல் நாட்டின் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். சர்க்கார் பணம் கருவி வாங்குவதற்கு மட்டும் செலவாகாமல், கேள்வி கேட்பதற்கும் செலவாக வேண்டும். சட்டசபைகளில் ஜனங்களின் பிரதிநிதிகளாக வீற்றிருப்போர் இவற்றை வற்புறுத்த வேண்டும். ஊர்தோறும் தொண்டு செய்வோர் அவர்களை வற்புறுத்த வேண்டும்.

பார்க்கின்ஸன் வோட்டுரிமைக்காகப் பிரசுரம் எழுதியதும், வீதியில் தள்ளாடிச் சென்ற முதியவரை நிறுத்தி விசாரித்ததும் ஒரே மனத்தின் இரு செயல்கள். ராஜாங்க அதிகாரத்தை நோக்கி ஏன் என்று கேட்கத் துணிந்தவர், வியாதியை நோக்கியும் ஏன் என்று கேட்டார். அதிகாரத்தை நோக்கி அக்கேள்வியைக் கேட்கும் துணிவு நம் தேசத்தார்க்கு எப்போதோ வந்துவிட்டது. இரண்டாவது கேள்வியையும் அதே உறுதியோடு கேட்கும் காலம் வரவேண்டும். நடுங்கும் ஏழையின் கை அதற்காகக் காத்திருக்கிறது.